பின்கட்டும் மரபுதான்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டைச் சீரமைக்கப் போகிறவர்கள் பேசுவது எனக்கு மனப்பாடம். "முகப்பு அப்படியே இருக்கும். ஐந்தடி நடைபாதை அப்படியே. படிக்கட்டுக்கு மெருகு போடுறோம். பாத்ரூம் மட்டும் முழுசா இடிச்சிட்டுப் புதுசு." வீட்டுக்காரர் சொல்கிறார், காண்ட்ராக்டர் சொல்கிறார், மரபுரிமை பற்றி மேடையேறிப் பேசுகிறவரும் தன் வீடு என்று வரும்போது இதையேதான் சொல்கிறார். அந்த "மட்டும்" என்ற சொல்லுக்குப் பின்னால் பின்சந்தில் ஒரு லாரி நிற்கிறது. சங்கிலி இழுக்கும் ஃப்ளஷ் தொட்டி, இளம்பச்சை வாஷ்பேசின், பித்தளைக் குழாய்கள், தண்ணீர் நிரப்பி மொண்டு குளிக்கும் மொசைக் தொட்டியின் உடைசல் எல்லாம் அதில் ஏறிப் போகின்றன.

இதை ரசனை வேறுபாடு என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. மரபைக் காப்பதாகச் சொல்லிச் செய்கிறோம், மரபுக் காப்பின் அடிப்படை விதியே இதற்கு எதிராக இருக்கிறது. சிக்கனம் என்று சொல்லிச் செய்கிறோம், கணக்கும் எதிராகத்தான் நிற்கிறது.

முதலில் விதி. "அதெல்லாம் ஐம்பது, அறுபதுகளில் போட்டது, அது என்ன மரபு?" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் வாதம். கட்டடம் 1900இல் கட்டியது, ஆகவே 1900தான் அசல், பிறகு வந்தது எல்லாம் ஒட்டடை என்கிறார்கள். உலகம் முழுவதும் பழங்கட்டடப் பாதுகாப்புக்கு அடித்தளமாக இருக்கும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் நேர் மாறாகச் சொல்கிறது. ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்த நல்ல பங்களிப்புகளுக்கு மதிப்புத் தர வேண்டும், ஒரே பாணிக்குத் திருப்பிவிடுவது சீரமைப்பின் நோக்கம் ஆகாது என்பது அதன் 11ஆம் பிரிவின் சாரம். சாசனத்தை விடுங்கள், நம் ஊர் வகைப்பாட்டையே பாருங்கள். பினாங்குக் கடைவீட்டுப் பாணிகளில் ஆர்ட் டெக்கோவும் ஆரம்ப நவீன பாணியும் அங்கீகாரம் பெற்றவை. 1950களின் ஷாங்காய் பிளாஸ்டர் முகப்பில் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் யோசிக்கிறோம். அதே ஆண்டில், அதே கொத்தனார் வீட்டின் பின்புறத்தில் டெரசோ தேய்த்துக் கட்டிய குளியலறையை மட்டும் குப்பை என்கிறோம். ஒரே ஆண்டு, ஒரே கை. முன்கட்டில் மரபாக இருப்பது பின்கட்டில் எப்படிக் குப்பையாகும்?

இந்தக் குளியலறைகள் எப்படி வந்தன, எப்படித் தப்பின என்று யோசித்தால் ஊரின் கதையே அதற்குள் இருப்பது தெரியும். பினாங்கு 1969 வரை சுங்கவரி இல்லாத துறைமுகம். ஸ்காட்லாந்தின் பார்ஹெட்டில் வார்த்த ஷாங்ஸ் பீங்கானும், இங்கிலாந்தின் ட்வைஃபர்ட்ஸ் பீங்கானும், ஜப்பானின் கசஹாரா ஊர் மொசைக் ஓடுகளும் அந்தக் கடற்கரையில் வரியின்றி இறங்கின. ஒரு குமாஸ்தாவும் ஒரு மளிகைக் கடைக்காரரும் தங்கள் பின்கட்டில் அத்தகைய பொருள்களைப் பதிக்க முடிந்ததற்கு அது ஒரு காரணம். ஊரின் துறைமுக வரலாற்றைப் பலகை வைத்து விளக்குகிறோம். அந்தத் துறைமுகம் சாதாரண வீட்டுக்குக் கொடுத்ததை உடைத்துக் கொட்டுகிறோம்.

தப்பியதற்குக் காரணம் வாடகைக் கட்டுப்பாடு. போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிவைத்திருந்தது. வாடகை ஏறாத வீட்டில் சொந்தக்காரர் காசு போட மாட்டார். குடியிருந்தவர்களும் இருப்பதைத் துடைத்து, பழுது பார்த்து வாழ்ந்தார்கள். 1997இல் சட்டம் நீக்கப்பட்டது, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பாதுகாப்பும் போனது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் பெயர் வந்தது. அதற்குப் பிறகுதான் இடிக்கும் வேகம் பின்கட்டுக்கு வந்தது. புறக்கணிப்பில் பிழைத்த பொருள்கள் புகழில் சாகின்றன.

நான் பிறந்த வீடும் அப்படிப்பட்டதுதான். நம்மவர் கடைத்தெரு என்று சொல்லிவந்த மார்க்கெட் தெருவுக்கு, இன்றைய லெபோ பசாருக்கு, இரண்டு சந்து தள்ளி இருந்தது. கீழே மாவு மில், மேலே நாங்கள். பாட்டி அந்தக் குளியலறையைப் பற்றிப் பேசும்போது குரல் மாறும். அவர் கல்யாணமாகி வந்தபோது அங்கே வாளிக் கக்கூசுதான். பின்சுவரில் ஒரு சின்னக் கதவு. விடியுமுன் பின்சந்து வழியாக ஆள் வந்து வாளியை இழுத்து எடுத்துப் போவார். "யாரோ ஒருத்தர் நம்ம அழுக்கைத் தூக்கிட்டுப் போறாரேன்னு அந்த நேரம் எழுந்திருக்கவே கூசும்" என்பார் பாட்டி. பிறகு ஒரு வருடம் வீட்டுக்காரர் சங்கிலித் தொட்டி வைத்துக் கொடுத்தார். முதல் நாள் பாட்டி நாலைந்து முறை சும்மாவே இழுத்துப் பார்த்தாராம்.

இந்த ஒரு காட்சிக்காகவே அந்தத் தொட்டி காக்கப்பட வேண்டும் என்பேன். ஜார்ஜ் டவுனின் பின்சந்துகள் வெறும் குறுக்குவழிகள் இல்லை, மனிதன் மனிதனின் மலத்தைச் சுமந்த பாதைகள் அவை. இங்கே அந்த வாளிகளைச் சுமந்தவர்களில் சீனர்கள் அதிகம். முனிசிபல் தெருக்களையும் சாக்கடைகளையும் கூட்டியதில் நம்மவர் கை நிறைய உண்டு. நாம் புறப்பட்டு வந்த மண்ணில் இந்த வேலை எந்தச் சாதியின் தலையில் ஏற்றப்பட்டது என்பது நமக்குத் தெரியும். அதைத் தடுக்க இந்தியாவில் 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொன்று கொண்டுவர வேண்டியிருந்தது. சுவரில் ஆறடி உயரத்தில் தொங்கும் அந்த வார்ப்பிரும்புப் பெட்டி, ஒரு மனிதனை அந்தச் சந்திலிருந்து விடுவித்த கருவி. இந்த நகரத்தில் வணிகர்களுக்கும் வள்ளல்களுக்கும் நினைவிடம் இருக்கிறது. வாளி சுமந்தவருக்கு நினைவிடம் என்று ஏதாவது உண்டென்றால் அது இதுதான். அதைப் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போடுகிறோம்.

சரி, உணர்ச்சி போதும், வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். சித்தப்பா வீட்டைச் சீரமைத்தபோது காண்ட்ராக்டரும் அதைத்தான் கேட்டார். "அண்ணே, இதெல்லாம் தண்ணிய முழுங்கும். பார்ட்ஸ் கிடைக்காது. ஹேக் பண்ணிட்டுப் புதுசு போட்டுடுவோம்." நல்ல மனிதர், ஏமாற்றும் எண்ணம் இல்லாதவர். ஆனால் சொன்ன இரண்டுமே தவறு.

தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பழைய பிரிட்டிஷ் ஃப்ளஷ் தொட்டியின் அடியில் வால்வே கிடையாது. உள்ளே கவிழ்த்த வாளிபோல ஒரு மணியோ, வளைந்த சைஃபன் குழாயோ இருக்கும். சங்கிலியை இழுத்தால் தண்ணீர் மேலே தூக்கப்பட்டு, வளைவைத் தாண்டி மறுபுறம் விழுகிறது. விழுகிற நீரே மீதியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. காற்று புகுந்ததும் நின்றுவிடுகிறது. இழுக்காதவரை ஒரு சொட்டுகூடப் பீங்கானுக்குள் கசிய வழியில்லை, தண்ணீர் தானாக ஏறி வளைவைத் தாண்டாது அல்லவா? அந்தக் காலத்தில் இந்தத் தொட்டிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே தண்ணீர் வீணாவதைத் தடுப்பது என்ற பொருளில்தான் இருந்தது. பிரிட்டனில் 2001 பிறக்கும்வரை வீட்டுத் தொட்டிகளில் இந்த முறைதான் சட்டம். அடியில் ரப்பர் மூடி வைத்த தொட்டிகள் கசியும் என்று தெரிந்தே தடுத்து வைத்திருந்தார்கள்.

இப்போது நாம் வாங்கி மாட்டும் புதிய தொட்டிகளில் அந்த ரப்பர் மூடிதான் இருக்கிறது. ஓரிரு வருடத்தில் ரப்பர் உப்பும், அல்லது அதன் விளிம்பில் மணல் ஒட்டும். நூல் போலத் தண்ணீர் பீங்கானின் பின்சுவரில் இரவும் பகலும் வழியும். சத்தம் கேட்காது, பில் வரும்போதுதான் தெரியும். பழையது ஒரு தடவைக்கு இரண்டு காலன், சுமார் ஒன்பது லிட்டர் எடுக்கிறது, புதியது ஆறோ மூன்றோ எடுக்கிறது என்பது உண்மை. அந்த வித்தியாசத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் அது இழுக்கும்போது மட்டும் செலவாகும் தண்ணீர். கசியும் தொட்டி நீங்கள் தூங்கும்போதும் செலவு செய்கிறது. பழைய தொட்டியில் மிதவைப் பந்தின் பித்தளைக் கையைச் சற்றுக் கீழே வளைத்தால் மட்டம் இறங்கும், ஒரு லிட்டருக்கு மேல் மிச்சமாகும். உயரத்திலிருந்து விழும் வேகம் இருப்பதால் சுத்தம் செய்வதில் குறை வருவதில்லை. சித்தப்பா வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

உதிரிப்பாகம் கிடைக்காது என்பது இன்னும் பெரிய தவறு. சைஃபனில் பழுதாவது பெரும்பாலும் ஒரே ஒரு பொருள், தண்ணீரைத் தூக்கும் தட்டின் மேல் கிடக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வட்டம். அது கிழிந்தால் இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டிவரும், உடனே "தொட்டி போச்சு" என்பார்கள். கெட்டியான பிளாஸ்டிக் தாளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது. குழாய்களும் அப்படியே. ஐம்பதுகளின் பித்தளைக் குழாய் அரை இஞ்சு பிரிட்டிஷ் மரை. இன்று எந்த ஹார்ட்வேர் கடையில் வாங்கும் பைப்பிலும் அதே மரைதான். ஒழுகினால் சில காசு பெறும் வாஷர். புதிய ஒற்றைக்கைக் குழாய் ஒழுகினால் உள்ளே இருக்கும் பீங்கான் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். அது மாடலுக்கு மாடல் வேறு, மாடல் நின்றுபோனால் குழாயையே தூக்கி எறிய வேண்டும். எதற்குப் பாகம் கிடைக்காது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

சித்தப்பா வீட்டுத் தொட்டியின் உள்ளே துருப்பிடித்திருந்ததும் உண்மைதான். ஒரு முதிய பிளம்பர் கம்பித் தூரிகையால் அரைநாள் சுரண்டி, உள்பக்கம் கறுப்புத் தார்ப் பெயின்ட் இரண்டு கை பூசினார். அந்தக் காலத்திலும் அதைத்தான் பூசினார்களாம். கழுவிய பிறகு அடியில் "ஷாங்ஸ்" என்ற எழுத்து புடைத்துத் தெரிந்தது. எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். காண்ட்ராக்டரும்தான்.

தரை விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். ஒரு இஞ்சு மொசைக் தரையைக் கொத்தி எடுத்துவிட்டு அறுபதுக்கு அறுபது செண்டிமீட்டர் பளபளப்பு டைல் போடுகிறார்கள், அதுவும் முதியவர்கள் குளிக்கும் அறையில். சின்ன ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்புக் கோடுகள்தான் ஈரக்காலைப் பிடித்து நிறுத்துகின்றன. அந்தக் கோடுகளை ஒழித்துவிட்டுப் பிறகு ரப்பர் பாய் வாங்கி விரிக்கிறோம். மொசைக்கில் நாலைந்து ஓடு பெயர்ந்திருந்தால் கதவுக்குப் பின்னாலிருந்தோ தொட்டிக்கு அடியிலிருந்தோ எடுத்து நடுவில் பதிக்கலாம், நாங்கள் பதித்தோம். டெரசோ மங்கியிருந்தால் அதைத் தேய்த்து மெருகேற்ற ஆள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள். டெரசோவில் இருப்பது பளிங்குச் சில்லு, ஆசிட் அதைத் தின்றுவிடும். எலுமிச்சைச் சாறுகூட வேண்டாம். "டெரசோ அசிங்கமாகிவிட்டது, எடுத்துவிட்டோம்" என்று சொன்ன மூன்று வீடுகளில் விசாரித்தேன். மூன்றிலும் அசிங்கமாக்கியது ஆசிட்.

எதையுமே மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சுவருக்குள் ஓடும் பழைய இரும்பு பைப்புகள் உள்ளே துருவால் அடைத்துப் போயிருக்கும், அவற்றை முழுதாக எடுத்தே ஆக வேண்டும். ஈயக் குழாய் இருந்தால் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. பழைய பித்தளையிலும் ஈயம் கலந்திருக்கலாம், அதில் குளிக்கலாம், முகம் கழுவலாம், குடிக்க வேண்டாம். பீங்கான் முழுக்க மயிரிழை விரிசல் ஓடி அழுக்கு உள்ளே இறங்கியிருந்தால் அந்தப் பீங்கானுக்கு ஆயுள் முடிந்தது. மூட்டு வலிக்காரருக்குக் குந்து கழிப்பறை ஆகாது. அதற்கு வேறு மூலையில் உட்காரும் கழிப்பறை வையுங்கள், இடமே இல்லையென்றால் பீங்கானை மட்டும் மாற்றுங்கள், சுவரும் தரையும் தொட்டியும் என்ன பாவம் செய்தன? குளியல் தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதும் சரியான கவலைதான். முட்டை கொசுவாக ஒரு வாரமளவு ஆகும். வாரத்துக்கு ஒருமுறை தொட்டியை வடித்து, ஓரங்களைத் தேய்த்துக் கழுவினால் அந்தக் கதை முடிந்தது. எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமை வேலை, டெங்கி என்ற பெயரை நாங்கள் கேள்விப்படுவதற்கு முன்பிருந்தே.

இவ்வளவு சொன்ன பிறகும் "பழையதுபோலத் தோன்றினால் போதாதா?" என்று ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நான் பிறந்த அந்த மாடிவீடு இப்போது தங்கும் விடுதி. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இரவு காசு கொடுத்துத் தங்கினேன். முகப்பு பிரமாதம். குளியலறையில் பழைய மாதிரிக் குழாய், பழைய மாதிரி ஓடு, எல்லாம் பெட்டியில் வந்த புதுச் சரக்கு. பித்தளை நிறம் பூச்சுதான், கைபட்ட இடத்தில் வெள்ளை தெரிய ஆரம்பித்திருந்தது. பாட்டி இழுத்த சங்கிலி இருந்த சுவரில், சங்கிலித் தொட்டியின் படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அசல் அங்கேயே இருந்தது. அதை எடுக்கவும் கூலி கொடுத்து, அதுபோன்ற ஒன்றை வாங்கவும் விலை கொடுத்திருக்கிறார்கள்.

அசலை இப்படி இழப்பதன் முற்றிய வடிவத்தைத் தமிழ்நாட்டின் செட்டிநாட்டில் பார்க்கலாம். பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் வீடுகளிலிருந்து பிரிக்கப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வரிசையாக நிற்கின்றன, வாங்குகிறவர் எங்கோ கொண்டுபோய் நடுகிறார். ஊர்க்காரர்கள் மதிப்பை உணர்ந்தபோது பல வீடுகள் வெறும் சுவராகியிருந்தன. அமெரிக்காவிலோ, ஐம்பதுகளின் ரோஜா நிறக் குளியலறைகளை இடித்து இடித்துச் சலித்த பிறகு, அவற்றைக் காப்போம் என்று சாதாரண வீட்டுக்காரர்களே உறுதி எடுத்துக்கொள்ளும் ஓர் இயக்கம் பிறந்தது. மரபுப் பட்டியல் எதிலும் இல்லாத புறநகர் வீடுகள் அவை. உலக மரபு நகரம் என்று பெயர் வாங்கிய நாம் அந்த அளவுக்குக்கூட இன்னும் வரவில்லை.

ஆகவே இந்த ஆண்டு வேலை தொடங்க இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். காண்ட்ராக்டரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன் பின்கட்டுக்குப் போங்கள். தரையைக் கழுவுங்கள். பீங்கானின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள், படம் எடுங்கள். ஒரு பழைய பிளம்பரை, புதுப் பொருள் விற்காத ஒருவரை, அழைத்துக் காட்டுங்கள். குறைகிற குழாயையும் கைப்பிடியையும் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ஒரு காலை நேரம் தேடிப் பாருங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் உடைக்காமல் எடுத்து, இதேபோன்ற தொட்டிக்குப் பாகம் தேடுகிற இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள். மரபுரிமை அலுவலகங்களில் இருப்பவர்களே, சீரமைப்பு விண்ணப்பத்தோடு முகப்பின் படத்தைக் கேட்பதுபோலக் குளியலறையின் படத்தையும் கேளுங்கள். சித்தப்பா வீட்டுத் தொட்டியில் நாங்கள் வெட்டிப் போட்ட பிளாஸ்டிக் வட்டம் இதோடு நாலாவது வருடமாக உழைக்கிறது. ஒரே இழுப்பில் தண்ணீர் வருகிறது.